இல்லாத தங்கை காட்டிய ஊர்

அறுபதுகளின் கடைசியில், நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. முடிச்சூர் ரோட்டை ஒட்டி எட்டு வீடுகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் நாலாவது வீடு எங்களுடையது. எனக்கு நாலு தம்பிகள். நான் ஒருத்திதான் பெண்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன். எங்கள் பள்ளிக்கூடம் கன்னியாஸ்திரிகள் நடத்தியது. ஒருநாள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு முகவரிப் பட்டியலைக் கொண்டுவந்தார். பிரான்ஸ் தேசத்தில் எங்கள் வயதுப் பெண்கள் சிலர் இங்கிலீஷ் பழகுவதற்காகப் பேனா நட்பு வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்றார். அதில் ஒரு முகவரி எனக்கு வந்தது.

அவளுடைய முதல் கடிதமே, "நான் இருப்பது பாரிஸ் இல்லை, ஏமாந்துவிடாதே" என்றுதான் தொடங்கியது. பாரிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வருகிற ஊராம் அவளுடையது. அதன் பெயரை எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்ல வராது. ஒரு காலத்தில் ஊர் முழுக்கச் செர்ரித் தோட்டமும் பட்டாணி வயலுமாக இருந்ததாம். அவளுடைய தாத்தா காலத்தில் விடிவதற்குள் குதிரை வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாரிஸ் சந்தைக்குப் போவார்களாம். பிறகு ரயில் வந்தது. ரயிலோடு கூலிக்காரர்களும் குமாஸ்தாக்களும் வந்தார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். யுத்தத்தில் ரயில்வே யார்டுக்குப் போட்ட குண்டு தவறிப்போய், பாதித் தெரு தரைமட்டமானது. இப்போது மிச்சமிருந்த தோட்டத்திலும் பத்து மாடி வீடுகள் கட்டுகிறார்கள். காலையில் எல்லாரும் பாரிஸுக்குப் போய்விடுவார்கள், சாயங்காலம் தூங்குவதற்குத் திரும்பி வருவார்கள். "எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது" என்று முடித்திருந்தாள்.

இப்படி உள்ளதை உள்ளபடி எழுதியவளுக்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? எங்கள் வீடு சாந்தோமில், ஜன்னலைத் திறந்தால் கடல், ராத்திரி அலைச் சத்தத்தில்தான் தூங்குகிறேன் என்று எழுதினேன்.

சாந்தோமில் இருந்தது என் சித்தப்பா வீடு. அதுவும் மொட்டை மாடியில் ஏறினால்தான் கடல் தெரியும். அப்போது தாம்பரம் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் மெட்ராஸில் இருக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். "பட்டணம் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். லீவுக்குப் போனால் சித்தப்பா பிள்ளைகள் என்னைப் பட்டிக்காடு என்று கேலி செய்வார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் இருப்பவளே தன் ஊரில் ஒன்றுமில்லை என்கிறாளே, வயலும் ரயில் ஷெட்டும் ரயில்வே கேட்டுமாக இருக்கிற தாம்பரத்தைப் பற்றி எழுதினால் என்ன நினைப்பாள் என்று பயந்துவிட்டேன்.

சித்தப்பாவின் முகவரியைக் கொடுத்ததால் கடிதங்கள் அங்கே வந்தன. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போது எடுத்துவந்து, "இந்தாடி, உன் சீமைத் தபாலு" என்று கொடுப்பார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கட்டுமரம், மீன்கூடை, கலங்கரை விளக்கம் என்று கடலை வைத்து ஏழெட்டுக் கடிதம் எழுதிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தம்பிகள் விளையாடப் போய்விட்டார்கள். வாசலில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கி போட்ட ஒரு வெள்ளைக்கார சிஸ்டர், வாசற்படியில் படுத்திருந்த பக்கத்து வீட்டு ஆட்டிடம், "கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடு அசையவில்லை. அதைத் தாண்டி வந்து, என் பெயரைச் சொல்லி, "இருக்கிறாளா?" என்று கேட்டார்.

"நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பிரான்ஸுக்குக் கடிதம் எழுதுகிறாளே, அந்தப் பெண்ணுக்கு நான் அத்தை. என் அண்ணன் மகள் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். சாந்தோம் போனேன். இங்கே அனுப்பினார்கள்."

வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. கொடியில் தம்பிகளின் கிழிந்த டிராயர்கள் தொங்கின. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அடுத்த வீட்டுச் சுவர்தான். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவ இல்லீங்க சிஸ்டர். நான் அவ தங்கச்சி."

"அப்படியா? எங்கே போயிருக்கிறாள்?"

"பீச்சுக்கு."

சிஸ்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, "பார்சலை அவள் கையில் கொடுக்கத்தான் வந்தேன். பரவாயில்லை. பன்னிரண்டு மணி ரயிலில் திரும்பினால் போதும். அதுவரை நீங்கள் எனக்கு ஊரைக் காட்டுவீர்களா?" என்றார்.

"இங்க ஒண்ணும் இல்லையே சிஸ்டர்."

"ஒன்றும் இல்லாத ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை. வாருங்கள்."

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் நானாக இல்லை, யாரோ ஒரு தங்கை என்று ஆனதும் என் கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்தத் தங்கை நன்றாகப் பேசினாள்.

எங்கள் வீட்டு வரிசை இருந்த இடம் முன்பு வேர்க்கடலை பயிரிட்ட நிலம், பழைய ஆட்கள் இன்னும் எங்களைக் கடலைக் கொல்லைக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள் என்று சொன்னேன். ரோட்டைத் தாண்டியதும் நெல் வயல்கள். அவற்றுக்கு நடுவே புதிதாக வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். அது பிளாட் போடுவதற்கு. நிலத்துக்காரரே குடை பிடித்து நின்று, ரயில்வே ஆட்களுக்கும் வாத்தியார்களுக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லுக்கு இந்தப் பக்கம் நாற்று நட்டிருந்தது, அந்தப் பக்கம் கடைக்கால் தோண்டியிருந்தது. சிஸ்டர் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டார். "எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருந்த கடைசிச் செர்ரி மரத்தை வெட்டியபோது நான் சின்னப் பெண். சுற்றி இதே மாதிரிதான் கல் நட்டிருந்தார்கள்" என்றார்.

படப்பை கிராமத்துப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மாட்டு வண்டியில் கத்தரிக்காயும் கீரையும் வருவதைச் சொன்னேன். கீரைக்காரிகள் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே முதல் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். பட்டணம் போகிற ரயில் தாம்பரத்திலிருந்துதான் புறப்படும், அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் ஜன்னலோரத்தில் இடம் கிடைக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். யுத்த சமயத்தில் குண்டுக்குப் பயந்து பட்டணத்திலிருந்து சட்டி பானையோடு ஓடிவந்த சிலர் அப்படியே இங்கே தங்கிவிட்டார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

சிஸ்டர் சிரித்தார். "எங்கள் ஊரில் குண்டு விழுந்தது. உங்கள் ஊரில் குண்டுக்குப் பயந்தவர்கள் வந்து விழுந்தார்கள்."

பேசிக்கொண்டே ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டோம். கேட் மூடியிருந்தது. கேட்கீப்பர் என்னைத் தினமும் பார்க்கிறவர்.

"இன்னா பாப்பா, வெள்ளக்காரம்மாவ இட்டுகினு எங்க கெளம்பிட்ட? சீமைக்கா?"

"சீமையிலிருந்துதான் வருகிறேன் ஐயா. கேட்டைத் திறப்பீர்களா?" என்றார் சிஸ்டர்.

அவர் அசந்துபோனார். "அட, தமிழ் பேசுது! கூட்ஸு போவட்டும்மா. உனுக்காக அது நிக்குமா?"

கூட்ஸ் போனது. கேட்டைத் தூக்கியதும் இரண்டு பக்கத்து ஜனமும் முண்டியடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தது. எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தில், இடுப்பில் ரேஷன் அரிசிப் பையோடு அம்மா வந்துகொண்டிருந்தாள்.

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, வீட்டைப் போட்டுட்டு இங்க என்ன பண்றே? யாரு இவங்க?"

"வணக்கம் அம்மா. பாண்டிச்சேரியிலிருந்து வருகிறேன். உங்கள் சின்ன மகள் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள்."

"சின்ன மகளா?" அம்மா பையை இறக்கி வைத்தாள். "எனக்கு ஒரே பொண்ணு சிஸ்டர், இவதான். மத்த நாலும் தடிப்பசங்க. கியூல நின்னு ஒரு பிடி அரிசி வாங்கிக் குடுக்கத் துப்பில்லாததுங்க!"

நான் தரையைப் பார்த்தேன். கருங்கல் ஜல்லியும் அதில் சிந்திக் கிடந்த கரித்தூளும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

"ஒரே மகளா?" என்றார் சிஸ்டர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அதனால்தான் இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்க்கிறாள்."

வீட்டு வேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "ஒரு வாய் காப்பி சாப்பிடாமப் போறதாவது" என்று பிடித்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சிஸ்டர் கும்பிட்டு விடைபெற்றார். "வண்டி ஏத்திட்டு வாடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா போனாள்.

ஸ்டேஷனை நோக்கி நடந்தோம். சாந்தோமில் சித்தி, நான் ஒரே பெண் என்பது வரை விவரமெல்லாம் சொல்லித்தானே அனுப்பியிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெயரை வாசலில் கேட்டபோதே, எதிரில் நிற்பவள் யார் என்று சிஸ்டருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இல்லாத ஒரு தங்கையோடு அந்த வெயிலில் நடந்திருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை போய்விட்டாள், பழைய ஊமை திரும்பி வந்துவிட்டாள்.

வண்டி தயாராக நின்றது. சிஸ்டர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பையிலிருந்து பார்சலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை உங்கள் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். கடலைப் பற்றி அவள் நன்றாக எழுதுகிறாள் என்று சொல்லுங்கள். ஆனால் இன்றைக்கு நீங்கள் சொன்னதை அவள் எழுதினால், என் அண்ணன் மகள் அதை இரண்டு தடவை படிப்பாள்."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது.

பார்சலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தன் ஊரின் கதையை அவள் பள்ளிக்கூடத்துக்காக எழுதி, எனக்காக இங்கிலீஷில் ஒரு பிரதி எடுத்திருந்தாள். செர்ரித் தோட்டம் எங்கே இருந்தது, குண்டு விழுந்த தெரு எது என்று பென்சிலில் வரைபடம் போட்டிருந்தாள். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. "இது உன் ஊருக்கு" என்று மட்டும் மேலே எழுதியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதேன்.

எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிநேகிதம் தானாகவே நின்றுபோயிருக்கும். எனக்கு அந்த எண்ணமும் வந்தது. மூன்று நாள் கழித்து உட்கார்ந்து, நான் சாந்தோமில் இல்லை, தாம்பரத்தில் இருக்கிறேன், உன் அத்தையிடம்கூடப் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அதற்கு அப்புறம் வயல், வெள்ளைக் கல், ஒர்க்‌ஷாப், கீரைக்காரிகள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் வீட்டு முகவரியைப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வரிசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். கடைசியில் ஒருநாள் வந்தது. கோபமாகத்தான் எழுதியிருந்தாள். என் கடல் கடிதங்களை வகுப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாளாம், இப்போது அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாள். அந்தக் கோபத்துக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. "ஒரு நல்ல பெண் ஊரைக் காட்டினாள் என்று மட்டும்தான் அத்தை எழுதியிருந்தாள். அது நீதான் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது."

கீழே ஒரு கேள்வி. கீரைக்காரிகள் திரும்பி வரும்போது கூடையில் என்ன கொண்டுவருவார்கள்?

எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிறவர்களைப் பற்றி எனக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய் நின்று, ஒரு அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்னாத்துக்குக் கேக்கிற?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கூடையைச் சாய்த்துக் காட்டினாள். கருவாடும், பிள்ளைகளுக்கு இரண்டு பன்னும் இருந்தன. அதை எழுதி அனுப்பினேன். எனக்குக் கல்யாணமாகும் வரைக்கும் எங்கள் கடிதங்கள் ஓடின.

சிஸ்டரை நான் மறுபடி பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பிளாட்பாரத்தில் கேட்காத மன்னிப்பு அப்படியே நின்றுவிட்டது. இப்போது என் மகளோ, வேறு யாரோ வெட்கத்தால் ஒரு பொய் சொல்வது எனக்குத் தெரிந்துவிட்டால் உடனே பிடித்து உடைக்க எனக்கு மனம் வருவதில்லை. உண்மையை நானே சொல்லிக்கொள்ள சிஸ்டர் எனக்கு அவகாசம் விட்டுப்போனார், அதை நான் யாருக்காவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்.