அவிந்துபோன டூட்டு

என்னைப் போல ஒரு முட்டாள் ரொறன்ரோவில் இன்னொருவன் இருக்கலாம். ஆனால் அவன் கையில் அயன்பெட்டி கிடைத்திருக்காது.

மகள் முதன்முதலாகத் தனியே பாலே ஆடப்போகும் நாள். அதற்கென்று தைத்த டூட்டு, அந்த வலைப் பாவாடை, இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விறைத்து நின்றது. கீழே முழுக்கக் கால்தான். பிக்கரிங்கிலிருந்து இராணி அன்ரி வேறு வருகிறா. கண்டதை வீடு போய்ச் சேருமுன் ஊருக்கே போனில் சொல்லி முடிக்கிறவ. கொஞ்சமாவது தொங்கி மறைக்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் அயன்பெட்டியின் ஆவியை அதன்மேல் பிடித்தேன். தொங்கியது, அவித்த கீரைபோல.

மண்டபத்தில் பையைத் திறந்த மகள் கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தே யார் வேலை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, அந்தக் காலத்து டூட்டு கணுக்கால் வரைக்கும் தொங்கினது. கால் செய்யிற வேலை ஓடியன்ஸுக்குத் தெரியவேணும் எண்டுதான் வரவரக் கட்டையாக்கினவை. நீங்கள் திரும்ப மூடப் பாக்கிறீங்கள்."

டூட்டுவை என் கையில் திணித்துவிட்டு, உடம்போடு ஒட்டிய பயிற்சி உடுப்புடனேயே மேடையேறிவிட்டாள். அன்ரிக்குப் பக்கத்தில் அதிர்ந்துபோய் உட்கார்ந்தேன். நான் மறைக்க நினைத்த கால் இடுப்புவரை வெளிச்சத்தில் நின்றது.

பிறகு அது நுனிவிரலில் எழுந்து சுழன்றது. இத்தனை வருடம் அந்தக் காலுக்குச் சப்பாத்து வாங்கியவன் நான். அதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்ரி, குறை நினைக்காதேங்கோ, உடுப்பு கொஞ்சம்…"

அன்ரி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதையாமல் காலைப் பாரும், தம்பி."