காய்ச்சல் இல்லாத சீக்கு

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா சில மாதம் பேச்சையே நிறுத்தியிருந்தாளாம். சண்டையில்லை, சாவில்லை, அப்பா குடிக்கவுமில்லை. காரணம் ஒன்று இருந்திருந்தால் ராயபுரத்தில் எங்கள் தெரு அவளை மன்னித்திருக்கும். பக்கத்து வீட்டு அத்தை வேப்பிலை அடித்தாள். தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது, மாதா கோயிலிலிருந்து எண்ணெய் வந்தது. மூன்று மதமும் இத்தனை ஒற்றுமையாகத் தோற்றதை அதன்பின் நான் கேள்விப்பட்டதில்லை. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்த அப்பா அல்வா வாங்கி வந்தார். அவள் தொடாததால் வருத்தத்தோடு அவரே தின்று தீர்த்தார்.

எனக்குப் பதிமூன்று வயதில் என் முறை வந்தது. ஒரு காலை பாயைவிட்டு எழ மனம் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. சோறு மண்ணாக இருந்தது. உடம்பு சுடாததால் யாரும் அதைச் சீக்காக மதிக்கவில்லை.

அத்தை வாசலில் நின்று தீர்ப்பு சொன்னாள். "வவுத்துல கீறப்பவே ஆத்தா கண்ணீர குட்ச்சி வளந்த பொண்ணு. வேற எப்டி இருக்கும்?"

அம்மா கதவைச் சாத்தினாள். என்னைத் துணி மாற்றச் சொல்லி, ரிக்‌ஷாவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேடி டாக்டர் என்னை விசாரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, இவளைச் சுமந்தபோது நீ எப்படி இருந்தாய் என்றார்.

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கெணத்துல வுயுந்த மாரி இருந்திச்சிம்மா. ஒருத்தரும் இன்னான்னு கேக்கல. அதான் இவுளுக்கு ஒட்டிக்கிச்சா?"

ஒட்டியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியானாலும் அது உன் குற்றமில்லை என்றார் டாக்டர். பெண்ணைத் தனியாக விடாமல் பேச வைக்கச் சொன்னார். துருப்பிடித்த ஆணி போல ருசித்த டானிக் ஒன்றும் கொடுத்தார்.

அம்மாவுக்கும் இது வந்திருந்தது என்று தெரிந்ததும் எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது. அன்று முதல் அவள் என் பாயருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். புத்திமதி சொல்லவில்லை. அத்தை நடப்பதையும் தும்முவதையும் நடித்துக் காட்டினாள். ஒரு நாள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவள் அழுதாள்.

பின்னாளிலும் அது சில தடவை வந்து போனது. அந்த முதல் முறை, மழைக்காலம் முடியும்போது பள்ளிக்கூடம் திரும்பினேன். என்ன சீக்கு என்று வகுப்புப் பெண்கள் கேட்டார்கள். டைபாய்டு என்றேன். டைபாய்டுக்கு மரியாதை இருந்தது, முன் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள்.