போகிக் குவியலில் இரண்டு குட்டிகள்

போகிக்கு எங்கள் தெருவில் யார் வீட்டுக் குவியல் பெரியது என்பது எனக்கு மானப் பிரச்சினை. அப்போது மூன்றாம் வகுப்பு. வேறு பிரச்சினைகள் இல்லை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதர்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் அம்மா கீரையும் வெண்டையும் போட்டிருந்த துண்டு நிலம். அதன் மூலையில் காய்ந்த வெண்டைச் செடி, கிழிந்த பாய், பழைய முறம் என்று ஒரு வாரமாக என் இடுப்புயரத்துக்குச் சேர்த்து வைத்திருந்தேன்.

போகிக்கு முந்தின நாள் காலை, இன்னொரு பாயைச் செருகலாம் என்று குவியலின் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே இரண்டு முயல்குட்டிகள்.

ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு, காய்ந்த புல்லின் நிறம். காதுகள் முதுகோடு படிந்திருந்தன. கண்கள் என்னைத்தான் பார்த்தன, ஆனால் ஒரு மயிர்கூட அசையவில்லை. விலா மட்டும் துடித்தது. ஒன்றின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி, யாரோ விபூதி தொட்டு வைத்ததுபோல. லாரிப் புழுதியும் இரும்புத் துருவும் பறக்கிற எங்கள் பேட்டைக்கு இவை எப்படி வந்தன? அதிலும் எதற்கு என் குவியலைத் தேடி வந்தன? மூச்சு விடவே எனக்குப் பயமாக இருந்தது. விட்டால் மாயமாகிவிடும் என்று நினைத்தேன்.

என் தம்பிக்கு அப்போது ஐந்து மாதம். அம்மா இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போவாள். விடியுமுன் வேன் ஏறினால் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் வருவாள். அதுவரை தம்பிக்கு எங்களோடு இருந்த அத்தையும் புட்டிப்பாலும்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அத்தை வந்து பார்த்தாள்.

“காட்டு மொசலுடீ. ஆத்தாக்காரி எங்க?”

ஆத்தாக்காரியைக் காணோம். பதினோரு மணிக்குப் பார்த்தேன், சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், மூன்று மணிக்கும் பார்த்தேன். குட்டிகள் அப்படியே கிடந்தன.

“பெத்துப் போட்டுட்டுப் பூட்ச்சு. இன்னா ஜென்மமோ” என்றாள் அத்தை.

விடிந்தால் குவியலுக்கு நெருப்பு வைக்க வேண்டும். ஆகவே ஊரில் இல்லாத கருணையோடு நானே இரண்டையும் செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தம்பியின் பால்புட்டியை நீட்டினேன். இரண்டும் வாயே திறக்கவில்லை. நெற்றிப்புள்ளிக் குட்டி சில்லிட்டுக்கொண்டே போவதுபோலிருந்தது. செத்துவிடுமோ என்று எனக்கு அழுகை முட்டியது.

அம்மா வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்க் கை கழுவுவாள். முதலில் சோப்பு, பிறகு எலுமிச்சம்பழத் தோல். இறால் நாற்றம் போகாமல் தம்பியைத் தொடமாட்டாள். அவனோ அவள் குரல் கேட்டதும் உள்ளே கத்திக்கொண்டிருப்பான். அன்றும் அப்படித்தான். நான் பெட்டியோடு போய் நின்று முறையிட்டேன்.

“அது நல்ல அம்மாவே இல்லமா. காலைலேந்து ஒரு வாட்டிகூட வர்ல. கொயந்தைங்க பசியில கெடக்குது, அதுக்கு மனசே இல்லியா?”

அம்மாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வையி” என்றாள்.

“மனுசன் கை பட்டுச்சு அண்ணி, இனிமே சேத்துக்காது” என்றாள் அத்தை.

“வரும். வராம எங்க போவும்?”

பகலில் குட்டிகளிடம் வந்தால் நாய்க்கும் பருந்துக்கும் வழி காட்டியதாகிவிடும் என்றுதான் தாய்முயல் தள்ளியே இருக்குமாம். இதை நான் பிற்பாடு படித்தேன். அம்மா எதையும் படித்ததில்லை.

குட்டிகளைக் குவியலில் விட்டுவிட்டு வந்தேன். பின்கதவை ஒருக்களித்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்தோம். தம்பி அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் மங்கும்போது புதரோரம் ஏதோ எழுந்து நின்றது. நீளக் கால்கள், நிமிர்ந்த காதுகள். அது நேராக வரவில்லை. இரண்டு தாவல் தாவி நின்று கேட்டது, பக்கவாட்டில் ஒரு தாவல், மறுபடி நின்றது. கீரைப்பாத்தியில் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், பகலெல்லாம் கல்லாகக் கிடந்த குட்டிகள் ஓடிவந்து அதன் வயிற்றுக்கடியில் புகுந்தன. நெற்றிப்புள்ளியும்தான்! மார்க்கெட்டில் இரும்புக் கம்பிகளை இறக்கும் சத்தம் கேட்டது. முயல் காதை மட்டும் திருப்பியது, அசையவில்லை. சீரியலை விட்டுவிட்டு வந்த அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட அப்படி ஆனதில்லை. ஐந்து நிமிடம் இருக்குமா? பிறகு முயல் புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் விடியலில் தெருவே எரிந்தது, எங்கள் குவியலைத் தவிர. அதைக் கொளுத்தக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். போன மானம் போகட்டும் என்று குவியலுக்குக் காவல் இருந்தேன்.

முந்தின மாலை முயல் போனதும் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. தம்பி மடியிலேயே தூங்கியிருந்தான். அம்மாவின் கன்னமெல்லாம் கண்ணீர்.

“ஏம்மா அழுவுற?”

“எறா நெடிடீ. கண்ணுல பட்டுடுச்சு.”

நான் உடனே நம்பினேன். கை கழுவுகிற நேரத்தில் நான் பேச்சுக் கொடுத்ததால் அவள் சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு முழு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.