அழுகை அக்கா இயந்திரமாகப் பேசிய கதை

டப்பிங் பேசப் புதிதாக வந்த பெண்ணுக்கு என்ன செய்தும் அழுகை வரவில்லை. திரையில் தகப்பனைப் பறிகொடுத்த மகள் வாயைப் பிளந்து கதறுகிறாள். மைக் முன்னால் இவளோ விக்கல் எடுத்தவள் மாதிரி நிற்கிறாள். இன்னொரு டேக் கெட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த டேக்குக்கு விளக்கை அணைத்ததும் அவளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அழுகை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அழுதது யார் என்பது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் அந்தப் பெண்ணுக்குக் கைதட்டினார்கள். நிஜமாக அழுதவள் ஓசைப்படாமல் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். சவுண்டுக்காரரும் வாயைத் திறக்கவில்லை.

அப்படி அழுதவளுக்கு டப்பிங் தியேட்டரில் பேரே அழுகை அக்கா. எந்தப் படத்தில் எந்த அம்மா அழுதாலும் குரல் அவளுடையதுதான். "நான் பெத்தது ஒண்ணு, பறிகொடுத்தது ஊர்ப்பட்டது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்படி அழுது அழுது தொண்டை புண்ணாகிவிட்டது. பேசலாம், ஆனால் இனிமேல் அழுதால் குரலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அழாமல் பேச அவளை யார் கூப்பிடுவார்கள்? "ஆண்டவனே, அழாத வேஷம் ஒண்ணு கண்ணுல காட்டு" என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

ஆண்டவன் காட்டியது ஓர் இயந்திரத்தை.

இளம் இயக்குநர் ஒருவர் பழைய விஞ்ஞான நாவல் ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தார். ஆளில்லாத கிரகத்தில் ஒருவன் தன்னந்தனியாக மாட்டிக்கொள்கிறான். துணைக்கு ஒரே ஓர் இயந்திரம். காற்று இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அது தினமும் அவனுக்குச் சொல்லும். அதன் குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை என்று நாவலில் எழுதியிருக்கிறதாம். "படிச்சவங்க எல்லாருக்கும் அது மனப்பாடம். துளி பாசம் ஒட்டினாலும் என்னை வீடு புகுந்து அடிப்பாங்க" என்று இயக்குநர் நடுங்கினார். கம்ப்யூட்டரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். பேங்கிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்கிற குரல் மாதிரி இருந்ததால், கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"எங்க தங்கச்சியைப் பேசவச்சுப் பாருங்க" என்றார் சவுண்டுக்காரர். ஊருக்கெல்லாம் அழுகை அக்கா, அவருக்கு மட்டும் தங்கச்சி.

முதல் வசனம், "காற்று குறைகிறது. மெதுவாக மூச்சு விடவும்." காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்குக் கஞ்சி புகட்டுகிற மாதிரி அக்கா அதைச் சொன்னாள்.

"அக்கா, நீங்க இயந்திரம். அவன் இருந்தா உங்களுக்கென்ன, செத்தா உங்களுக்கென்ன?"

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஒண்டியாக் கிடக்கிற பிள்ளை."

அடுத்த டேக்கில் 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்காததுதான் பாக்கி. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கடைசியா ஒரு தடவை பார்ப்போம். இல்லேன்னா சாயங்காலம் வேற ஒருத்தங்க வர்றாங்க."

அக்கா வெளியே வந்தாள். நடையில் அவள் கணவர் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். அவளுக்கு வெந்நீர் கொண்டுவருவதுதான் இப்போது அவர் உத்தியோகம். பிளாஸ்க் கக்கத்தில் இருந்தது. போனில் அந்தப் பக்கம் அக்காவின் சொந்தத் தம்பி.

"மெஷினாம் மாப்ளே! உங்க அக்காவா மெஷினு? குக்கர் விசில் அடிச்சாலே கண்ணைத் துடைக்கிறவ! பாத்துக்கிட்டே இரு, சாயங்காலத்துக்குள்ள திருப்பி அனுப்பிருவாங்க."

சிரித்துக்கொண்டே திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அக்கா விறுவிறுவென்று உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

"வெந்நீர் கொண்டாந்திருக்கேன்மா..."

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "வெந்நீர் தேவையில்லை. மேஜை மேல வைக்கலாம். வெளிய போற கதவு பின்னால இருக்கு."

மைக் திறந்திருந்தது. ஹெட்போனில் கேட்ட சவுண்டுக்காரருக்குப் பிடரி சிலிர்த்தது. அவரும் குடும்பஸ்தர். அந்தக் குரலை நன்றாகத் தெரியும்.

இயக்குநர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "இதுதான்! அன்பும் இல்லை, கோபமும் இல்லை!"

"கோபம் இல்லையா?" என்றார் சவுண்டுக்காரர். "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை போல."

கணவரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அக்காவின் கண்ணில் படுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். அவரைப் பார்த்துப் பார்த்தே அக்கா ஒவ்வொரு வசனத்தையும் சொன்னாள். ஒவ்வொன்றும் பனிக்கட்டி. நடுவே அவர் மன்னிப்புக் கேட்க எழுந்தபோதெல்லாம் இயக்குநர் தோளைப் பிடித்து அமுக்கினார். "ஐயா, இன்னும் ரெண்டு ரீல் இருக்கு. தயவுசெஞ்சு சமாதானமாயிடாதீங்க."

"உங்க படம் முடியறதுக்குள்ள என் குடும்பம் முடிஞ்சிரும் தம்பி!"

கடைசி வசனம் வந்தது. கிரகத்தில் காற்று தீர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் கண்ணாடிக்குப் பின்னால் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். அக்காவின் தொண்டை ஏறி இறங்குவதைச் சவுண்டுக்காரர் பார்த்தார். இப்போது அழுதால் வேஷமும் போச்சு, குரலும் போச்சு. ஆண்டவனே, ஒரு வரிதான், இவளைத் தாங்கிக்கொள் என்று அவர் வேண்டினார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"காற்று தீர்ந்தது. அறிவிப்பு முடிந்தது."

ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே வந்ததும் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "ஆறிப்போச்சு. ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யத் தெரியுதா இந்த மனுஷனுக்கு?" கணவர் முகம் மலர்ந்துவிட்டது. திட்டிவிட்டாள், இனி பயமில்லை.

படம் வந்தபோது அந்தக் கடைசி வரிக்குத் தியேட்டரே தேம்பியது. ஏன் என்று இயக்குநருக்குக் கடைசிவரை புரியவில்லை. அதன் பிறகு லிஃப்ட், டிக்கெட் மெஷின் என்று வாயில்லாத சாமான்களுக்கெல்லாம் அக்காவே வாயானாள். தொண்டையும் பிழைத்தது. ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று கேட்டதும், சவுண்டுக்காரர் தன்னை அறியாமல் "சரிம்மா" என்று ஒதுங்கி நின்றார்.

பல வருஷம் கழித்து, மகனோடு இருக்க அக்காவும் கணவரும் வேறு ஊருக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பப் போன சவுண்டுக்காரர் அதன்பின் அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளிடம் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "எத்தனை பேருக்கு அழுதே. எனக்காக ஒரு தடவை அழுதுட்டுப் போயேன் தங்கச்சி."

அக்கா சிரித்தாள்.

"அழுகையெல்லாம் உங்ககிட்டதானேண்ணே பதிஞ்சு கிடக்கு, வேணுங்கறப்போ போட்டுக் கேட்டுக்குங்க. தொண்டை எனக்கு வேணும். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இவரைத் திட்டிக்கிட்டே போகணும்."