கார்பூலில் மூன்றாவது ஆள்

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மயில்சாமி இன்றைக்கும் கலிபோர்னியாவில், டப்ளினில்தான் இருக்கிறார். நீங்கள் போய்க் கேட்டால் "அத விடுங்க" என்பார். ஒரே ஒரு தடவை, பொங்கல் விழா முடிந்து நாங்கள் இரண்டு பேரும் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் எனக்கு இதைச் சொன்னார். அவர் சொன்னதை எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

1994. மயில்சாமிக்கு நாற்பத்தொரு வயது, சொந்த ஊர் உடுமலை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வங்கியின் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு ஒட்டுப்போடும் வேலை. பகலெல்லாம் வேலை, ராத்திரி பீப்பர் அடித்தால் மறுபடியும் வேலை. கிரீன் கார்டு மூன்று வருடமாக இதோ அதோ என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தது. தூங்கி எழுந்த முகத்தோடு அவரை யாரும் பார்த்ததில்லை. எப்போது பார்த்தாலும் தூங்கப்போகிற முகம்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் பெரிய பாலத்தில் காலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஆனால் காருக்குள் மூன்று பேர் இருந்தால் தனி லேன், டோலும் கிடையாது. அதனால் ஓக்லண்டில், ஃப்ரீவேக்கு அடியில் ஒரு தெருமுனையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். தனியாக வருகிறவர் காரை நிறுத்த வேண்டியது, முன்னால் நிற்கும் இரண்டு பேர் ஏறிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். முன்பின் பழக்கமில்லாதவர்கள், பெயர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை. ஓட்டுகிறவர் பேசினால் ஒழிய மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. அக்கரையில் இறங்கி அவரவர் வழியில் போய்விடுவார்கள். நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில், அந்தப் பேச்சில்லாத இருபது நிமிடம் மயில்சாமிக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் அதே இரண்டு பேர் அவருக்கு வாய்த்தார்கள்.

ஒருவர் இந்திய முகம், முப்பது வயதுக்கு மேலிருக்கும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். முன் சீட்டில் உட்காருவார். இன்னொருவர் கறுப்பினத்தவர், வயதானவர், முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழுப்பு கோட்டு. பின் சீட்டில், முன்னவருக்கு நேர் பின்னால் உட்காருவார். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். கை மட்டும் கதவின் பிடியிலேயே இருக்கும்.

சில நாள் கழித்துத்தான் மயில்சாமிக்கு ஒன்று உறைத்தது. ஏறுவது இரண்டு பேர். கதவு சாத்தும் சத்தம் கேட்பது ஒரு தடவை.

டப்.

அவ்வளவுதான். தூக்கக் கலக்கம், கவனிக்கவில்லை என்று விட்டுவிட்டார்.

பிறகு அந்தச் சிவப்பு விளக்கு. பாலத்துக்கு முன்னால் ஃப்ரீவேக்குக் கீழே ரயில் பாதை ஓடுகிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் டேஷ்போர்டில் 'கதவு திறந்திருக்கிறது' விளக்கு எரியும். டிங்... டிங்... டிங். பாலம் ஏறியதும் அணைந்துவிடும். மெக்கானிக்கிடம் காட்டினார். அவன் நான்கு கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை விரித்தான்.

ஒருநாள் நல்ல மழை. முன் சீட்டுக்காரரின் குடை சொட்டிச் சொட்டி மிதியடி குளமாகிவிட்டது. பின் சீட்டு காய்ந்து கிடந்தது. கோட்டிலும் ஒரு துளி இல்லை. நல்லவேளை, சீட் தப்பித்தது என்று சந்தோஷப்பட்டாராம் நம் ஆள்.

அந்தச் சனிக்கிழமை மளிகைக்கடைக்குப் போகும்போது மகள் ரோஷினி பின்னால் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள்.

"டாடி, இட் ஸ்மெல்ஸ் லைக் காயின்ஸ் ஹியர்."

கையில் வெகுநேரம் வைத்திருந்த சில்லறைக் காசின் வாசனை. மனைவி வசந்தாமணியும் திரும்பி முகர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க, என்னமோ இரும்பு வாசம் அடிக்குது. வண்டியக் கழுவுங்க. அப்படியே நீங்களும் ஒரு நாளாச்சும் ஒழுங்காத் தூங்குங்க."

மார்ச் 24, வியாழக்கிழமை. காலை 7.52. கார்பூல் லேனில் பின்னாலிருந்து போலீஸ் விளக்கு சுழன்றது. மயில்சாமி ஓரம்கட்டினார். போலீஸ்காரர் குனிந்தார். இங்கிலீஷில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"எத்தனை பேர் சார்?"

"மூணு."

போலீஸ்காரர் பின் சீட்டைப் பார்த்தார். மயில்சாமியைப் பார்த்தார்.

"ரெண்டு."

மயில்சாமி கண்ணாடியைப் பார்த்தார்.

இருந்தார். பழுப்பு கோட்டு... ஜன்னல் பக்கம் திரும்பிய முகம்... கதவின் பிடியில் கை.

போலீஸ்காரர் திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, எழுதும் அட்டையைப் பின் சீட்டில் வைத்தார். அந்த மனிதரின் மடி இருந்த இடத்தில். அட்டை சீட்டில் படிந்து உட்கார்ந்தது. கோட்டுக்குள்... பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.



முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அபராதச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போலீஸ்காரர் போனார்.

"நீங்களும் பாக்கறீங்களா?" என்றார் முன் சீட்டுக்காரர்.

"ம்."

"எத்தன நாளா?"

"உங்களோட ஏறின ஆள்னு நெனச்சேன்."

"இல்ல. நான் ஏறும்போதே உள்ள இருப்பாரு. உங்க ஃப்ரெண்டுன்னு நெனச்சேன். உங்களுக்கு இன்னும் ஒரு ஆள்தான் வேணும்னு..."

சேர்ந்து திரும்பினார்கள். சீட் காலி.

டிங்... டிங்... டிங்.

அக்கரையில் ஒரு டோனட் கடையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் பெயர் தெரிந்தது. தேவன் மூட்லி, தென்னாப்பிரிக்காவில் டர்பன். கரும்பு வெட்டக் கப்பலில் போன தமிழர்களின் நான்காம் தலைமுறை. தமிழில் தெரிந்தது அம்மா, அண்ணா, முருகா, தண்ணி; மற்றப் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஜோகன்னஸ்பர்க்கில் தொழிற்சங்கத்தில் வேலை பார்த்தவர்.

"வெள்ளைக்காரங்க இல்லாத எங்களுக்கும் ஓட்டு வரப்போகுதுன்னு ஆனதும்தான் அண்ணா, கொலை ஜாஸ்தியாச்சு" என்றார் தேவன். "வேலைக்குப் போற ரயில்ல கூட்டமா ஏறுவாங்க. கோட்டுக்குள்ள கத்தி இருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. பெட்டி பெட்டியா வெட்டிக்கிட்டே போவாங்க. யார் அனுப்பினதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தொண்ணூத்திரெண்டுல நான் இருந்த பெட்டிக்கும் வந்தாங்க. எல்லாரும் ஓடறோம். உங்க பின் சீட்டுல இன்னைக்குத்தான் திரும்பி நல்லாப் பாத்தேனே, இந்த ஆள் மட்டும் கோட்டோட கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. நான் ஓடற ரயில்லேருந்து குதிச்சேன். கால் போச்சு."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரிக்கு போலீஸ் போட்டோ கொண்டுவந்துச்சு. இவரும் அவங்கள்ல ஒருத்தரான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கையெழுத்து போட்டேன். அவங்க ஆள் இல்லாம வேற யாரு அந்த வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு நிப்பாங்க?"

தேவன் இடது காலைத் தடவிக்கொண்டார்.

"அது தானா மூடிக்கற கதவு, அண்ணா. நான் குதிச்சேன்னா, யாரோ அதத் திறந்து பிடிச்சிருக்கணும். ரெண்டு வருஷமா இது எனக்குத் தோணல. இப்ப உங்க கார்ல, கதவுல அவர் கையப் பாத்ததும்தான் தோணுது."

அன்று ராத்திரி தேவன் டர்பனில் இருந்த அக்கா காமாக்ஷிக்குப் போன் செய்து விசாரிக்கச் சொன்னார். இரண்டு நாளில் பதில் வந்தது. கோட்டுக்காரர் பெயர் எலியாஸ். ராத்திரிக் காவல்காரர். காவல் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே வெயிலானாலும் கோட்டோடுதான் ரயிலேறுவார்கள். விசாரணைக் கைதியாகவே சிறையில் இருந்தவர், பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் செல்லுக்குள் செத்துக்கிடந்தார். கொலைகாரன் குடும்பம் என்று அவர் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 19 அன்று அந்த ரயில் பற்றி ஒரு கமிஷன் விசாரணை இருந்தது. தேவன் டிக்கெட் எடுத்தார். கிளம்பும் முன் மயில்சாமியின் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"போய் உண்மையச் சொல்லிட்டு, அடுத்த வாரம் ஓட்டும் போட்டுட்டு வரேன். எங்கப்பா உருப்படியா ஒரு ஓட்டுப் போடாமலே போயிட்டாரு. அண்ணா... ஒருவேளை என்னால சொல்ல முடியாமப் போச்சுன்னா, நீங்க சொல்லுவீங்களா?"

மயில்சாமிக்கு கிரீன் கார்டு ஞாபகம் வந்தது. வேற்று நாட்டுக் கொலை, கமிஷன், போலீஸ். அன்று இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார்.

"பாக்கலாங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் யாரையும் ஏற்றவில்லை. சாதாரண லேனில் ஊர்ந்து, டோல் கட்டிப் போனார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 12 அன்று தேவன் விமானம் ஏறினார். மறுநாள் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பீடை விட்டது என்று மயில்சாமி நினைத்தார். அந்த வாரம் ஒருநாள் எட்டு மணி நேரம் தூங்கினார்.

ஏப்ரல் 18. திங்கட்கிழமை. பனிமூட்டம்.

காரில் மயில்சாமி மட்டும். ரேடியோவை அணைத்திருந்தார்.

கீழே ரயில் பாதை வந்தது.

டிங்...

விளக்கு எரிந்தது.

டிங்... டிங்...

கண்ணாடியைப் பார்த்தார். யாருமில்லை. பின் சீட்டில் ரோஷினியின் ஸ்வெட்டர் கிடந்தது.

டோல் கூண்டு. ஜன்னலை இறக்கினார். ஒரு டாலரை நீட்டினார்.

உள்ளே இருந்த பெண்மணி வாங்கவில்லை. காருக்குள் பார்த்தார்.

"ஏன் இந்த லேன்ல வந்து கஷ்டப்படறீங்க? கார்பூல் அந்தப் பக்கம் சார்."

"நான் மட்டும்தான்..."

"மூணு பேர் இருக்கீங்களே."

மயில்சாமி திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

சில்லறைக் காசின் வாசனை... கார் முழுக்க.

கூண்டுக்குள் இருந்த கடிகாரத்தில் 8.10.

பின்னால்...

டப்.

டப்.

இரண்டு கதவுகள். இரண்டு பக்கமும்.

விளக்கு அணைந்தது.

எப்படிப் பாலத்தைத் தாண்டினார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போன் வந்தது. வசந்தாமணி எடுத்து, "ஏனுங்க, யாரோ காமாக்ஷியாமா, வெளிநாட்டுலேருந்து" என்றார்.

"தேவன் போயிட்டான்" என்றார் அந்த அம்மா. அழுது தீர்ந்துபோன குரல். "நாளைக்கு சாட்சி சொல்லணும், அந்தக் கதவ ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு அதே லைன்ல ரயில் ஏறினான். மறுபடியும் அவனுங்க வந்தானுங்க. கமிஷன்ல அவன் என்ன சொல்லப்போறான்னு என்கிட்டகூட முழுசாச் சொல்லல. உங்க நம்பரக் குடுத்துட்டுப் போயிருந்தான். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பாக்கலாம் என்று சொன்ன வாயால், மயில்சாமி இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார். எலியாஸ் கொலைகாரர் இல்லை, கதவைத் திறந்து பிடித்தவர், அதைச் சொல்லத்தான் தேவன் வந்தார் என்றார். யார் கேட்டாலும் சொல்கிறேன், எழுதியும் தருகிறேன் என்றார். காரில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

லைன் போய்விட்டது என்று நினைத்தார்.

"கேக்கறீங்களா?" என்றார்.

"கேக்கறேன்." அந்த அம்மாவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "அந்தப் பெட்டியிலேருந்து குதிச்சுத் தப்பிச்சவங்க நெறைய பேரு. கதவு மூடாம ரெண்டு பேரு பிடிச்சிருந்தாங்க, அதனாலதான் பொழச்சோம்னு எல்லாருமே சொல்றாங்க. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருந்தாங்களாம். ஒருத்தன் தேவன். அவன் உடம்பு கதவுகிட்டதான் கிடைச்சுது."

"இன்னொருத்தர்?"

"அவரக் காணோம். உயிரோடயும் இல்ல, பொணமாவும் இல்ல. வயசானவர்னு சொல்றாங்க. நீளமா பழுப்பு கோட்டு போட்டிருந்தாராம்."

மயில்சாமி சுவரில் சாய்ந்துகொண்டார். ஒன்றே ஒன்று கேட்டார். நேற்று எத்தனை மணிக்கு?

"சாயங்காலம். அஞ்சு பத்து."

அவர் விரல் விட்டு எண்ணினார். அங்கே மணி, இங்கிருப்பதைவிட ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுகிறது.