முள் அசையவே இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பலாப்பழ சீசன் முடிகிற ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், நெய்வேலி நகரியத்தில் நடந்தது இது. அன்றைக்கு யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகாமல் போனதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் அனல்மின் நிலையத்தில் பைப் ஃபிட்டர். பெர்மனென்ட். இருபத்தாறு வருட சர்வீஸ். எங்கள் வேலையில் 'லைன் கிளியர்' என்று ஒரு சீட்டு உண்டு. ஒரு குழாயில் கை வைப்பதற்கு முன், அதில் எதுவும் ஓடவில்லை, இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அது இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் திருப்ப மாட்டேன். போகிற குழாய், வருகிற குழாய் இரண்டையும் கையால் தடவிக்கொண்டே கோடிவரை நடந்து போய்த் திரும்பினால்தான் எனக்கு மனசு ஆறும். இந்த வழக்கத்துக்காக என்னைக் கேலி செய்யாத ஆள் எங்கள் ஷிஃப்டில் இல்லை. ஆனால் அதெல்லாம் பிளாண்ட் கேட்டுக்கு உள்ளேதான். குவார்ட்டர்ஸ் வாசலில் நான் வேறு ஆள்.

என் தம்பிக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கிப் பலாப்பழ லோடு அடித்துக்கொண்டிருந்தான். புதுச்சேரிப் பக்கம் போகும்போது டீசல் மலிவு. அங்கேயே நிறைய பிடித்துக்கொள்ள இன்னொரு டாங்கி இருந்தால் நல்லது என்று அவனுக்கு ஆசை. மெக்கானிக், "ஆர்டிஓ அனுமதி இல்லாம நான் தொட மாட்டேன்" என்று கையை விரித்துவிட்டார். தம்பி நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீ பாக்காத பைப்பா?"

அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். புகழ்ச்சி என்றால் எனக்கு வாயெல்லாம் பல்.

டீசல் வண்டியில் டாங்கியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு குழாய் போகும். இன்ஜின் எரித்தது போக மிச்சத்தை இன்னொரு மெல்லிய குழாய் திரும்ப டாங்கிக்கே கொண்டுவரும். புது டாங்கியைக் கேபினுக்குப் பின்னால் வைத்து போல்ட் அடித்தேன். போகிற குழாயை வெட்டி ஒரு வால்வு போட்டேன். கைப்பிடியை இந்தப் பக்கம் திருப்பினால் பழைய டாங்கி, அந்தப் பக்கம் திருப்பினால் புது டாங்கி. கிளிப் எல்லாம் இறுக்கி, சோப்பு நுரை பூசி, ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"இந்தச் சின்ன குழாய் அப்படியேதான் இருக்குதே அண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"அது கொசுறுடா. என்ன வந்துடப் போவுது அதுல" என்றேன்.

இரண்டு டாங்கியையும் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு, மதியம் ஒன்றேகாலுக்கு டிரையல் பார்க்கக் கிளம்பினோம். வால்வைப் புது டாங்கிக்குத் திருப்பினேன். வண்டி கொஞ்சம்கூட முக்காமல் ஓடியது. டீசல் முள் பழைய டாங்கியை மட்டும்தான் காட்டும். அது நிறைந்த இடத்திலேயே ஆடாமல் நின்றது.

"பாத்தியா, முள் அசையவே இல்ல!" என்று தொடையில் தட்டிச் சிரித்தேன்.

டீசல் வாடை வந்தது. புதுசாக வேலை பார்த்தது, கையில் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ரவுண்டானாவில் தம்பியை மூன்று சுற்று ஓட்டச் சொன்னேன், திருப்பத்தில் டாங்கி ஆடுகிறதா பார்க்க. ஆடவில்லை. அதே ரோட்டில் கொஞ்ச தூரம் போய் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். ஜெயித்துவிட்ட நினைப்பில் இரண்டு மசால் வடை வேறு சொன்னேன்.

வடை கைக்கு வருவதற்குள், பால் கேன் கட்டிய மொபெட்காரர் ஒருவர் காலைத் தரையில் உரசிக்கொண்டே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு வண்டிங்க இது? ரோடு முச்சூடும் டீசல ஊத்திக்கினு வந்துகிறீங்க! ரவுண்டானால ஒரு பெரியவரு சைக்கிளோட வுழுந்துட்டாரு!"

குனிந்து பார்த்தேன். பழைய டாங்கி மூடியிலிருந்து டீசல் வழிந்து, சக்கரமெல்லாம் நனைந்திருந்தது. ரோட்டைப் பார்த்தேன். காலையில் தூறிய ஈரத்தின் மேல் நீளமாக ஒரு பளபளப்பு, கண்ணுக்கு எட்டியவரை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. புது டாங்கியிலிருந்து எடுத்த டீசலில் பெரும்பங்கை இன்ஜின் அந்தக் 'கொசுறு' குழாய் வழியாகப் பழைய டாங்கிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது ஏற்கெனவே நிறைந்த டாங்கி. இடமில்லாமல் வெளியே தள்ளியிருக்கிறது. முள் அசையாததற்கு அதுதான் காரணம். நான் தொடையில் தட்டிச் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

டீக்கடைக் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் விடும். விட்டதும் நூற்றுக்கணக்கான டூவீலர்கள், கம்பெனி பஸ்கள், எல்லாம் அந்த ரவுண்டானா வழியாகத்தான் வரும். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. ஆசிரியையான என் மனைவி, மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அதே நேரத்துக்கு அதே வழியில் வருவாள். மனைவிக்கு போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போன் எடுக்க மாட்டாள். அந்த நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவனும் நானே.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மொபெட்காரர் என்னை ஏற்றிக்கொண்டு, ரோட்டை விட்டு மண்ணிலேயே ஓட்டிக் கொண்டுபோய் ரவுண்டானாவில் இறக்கினார். விழுந்த பெரியவர் மரத்தடியில் முழங்காலை ஊதிக்கொண்டிருந்தார். அங்கே ரோடு கூட்டும் கான்ட்ராக்ட் பெண்கள் நான்கு பேர் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் குழறியது.

"அம்மா, என் வண்டிதாம்மா. டீசல். ஷிஃப்ட் விட்டுடும்மா..."

அவர்களில் மூத்தவர், என் வயதுதான் இருக்கும், ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். கையைக்கூடக் கழுவவில்லை. "ஏய், எழுந்திரிங்கடி. வண்டிய குறுக்கால தள்ளுங்க" என்றார். அவர்கள் தள்ளி வந்திருந்த குப்பை வண்டிகள் இரண்டும் ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றன. ஓரத்தில் கேபிளுக்குத் தோண்டிப் போட்ட செம்மண் குவிந்து கிடந்தது. "இன்னா சார் பாத்துக்கினு நிக்கிறீங்க, அள்ளுங்க!" என்று ஒரு பாண்டுச் சட்டியை என் பக்கம் எறிந்தார்.

அள்ளினேன். என்ன அள்ளினேன், எங்கே கொட்டினேன் என்றே தெரியவில்லை. அவர்கள் துடைப்பத்தால் பரப்பிக்கொண்டே வந்தார்கள். பாதி ரவுண்டானாகூட மூடியிருக்காது, சங்கு ஊதிவிட்டது. இருபத்தாறு வருடமாக வீட்டுக்குப் போகலாம் என்று நான் சந்தோஷமாகக் கேட்ட சங்கு. அன்றைக்கு அதைக் கேட்டதும் கையால் வாரி வாரிச் சட்டியை நிரப்பினேன்.

தூரத்தில் ஹார்ன் சத்தம். மூன்று மூன்றாக வண்டிகள் வந்தன. அந்த அம்மா துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்று கத்தினார். முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஒரு இளைஞன் மட்டும் குப்பை வண்டியைச் சுற்றிக்கொண்டு நுழைந்தான். மண் கொட்டாத இடம். பைக் தனியாகச் சறுக்கிப் போனது, அவன் தனியாகச் சறுக்கிப் போனான். எதிரே கம்பெனி பஸ். டிரைவர் பிரேக் அடித்ததும் பஸ்ஸே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மூடினேன்.

திறந்தபோது பஸ் நின்றிருந்தது. பையனின் தலைக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவன் எழுந்து உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழங்கை மட்டும்தான் தேய்ந்திருந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "எவன்டா ஊத்தினது? வண்டி நம்பர் பாத்தீங்களா?" என்று நாலு பக்கமும் கேட்டார்கள். இன்னொரு ரோட்டு வாயில் என் மனைவியின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. பின்னால் மகள். இரண்டு பேரும் முழுசாக இருந்தார்கள். மனைவியும் கேட்டாள்: "யாருங்க இப்படிப் பண்ணது? அறிவு இருக்கா அவனுக்கு?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"எவனோ ஊத்திக்கினு பூட்டான். மொதல்ல ரோட்ட மூடலாம், அப்புறமா தேடிக்கலாம். எறங்கி ஆளுக்கு ஒரு சட்டி அள்ளுங்க."

கூட்டம் இறங்கி மண் அள்ளியது. இருபது நிமிடத்தில் ரவுண்டானா செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மண்ணும் வியர்வையுமாக நின்ற என்னைப் பார்த்து மனைவி, "நல்லவேளை நீங்க இங்க இருந்தீங்க" என்றாள். மகள் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு பேர் சேர்ந்து என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எல்லோரும் போன பிறகு அந்த அம்மாவிடம், ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உங்கள அடிச்சிக்கினு நின்னா மண்ண யாரு சார் அள்றது? ஆளு பத்தாதுல்ல."

என் மேல் இரக்கப்பட்டெல்லாம் சொல்லவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. நான் குனிந்து, கீழே கிடந்த சட்டியை எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே விழுந்த இரண்டு பேர் வீட்டையும் விசாரித்துக்கொண்டு தம்பியோடு போய், நான்தான் என்று சொன்னேன். பெரியவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். வீட்டில் சொன்னதுதான் கஷ்டம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள், "நாங்க ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே டாங்கியைக் கழற்றிப் போட்டோம். இப்போதும் எந்த வண்டியில் ஏறினாலும், முள் அசையாமல் நின்றால் எனக்கு உடனே பயம் வந்துவிடுகிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன், நான் போன தடத்தில் யாருடைய மகளாவது வந்துகொண்டிருக்கிறாளா என்று.