நாற்பத்து மூன்றாம் வரிசை

சனிக்கிழமை, காலை பத்து பதினேழு. காரின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வலை. வெள்ளை வலை. மேட்டிலிருந்து பள்ளம் வரை திராட்சைக் கொடிகளை வரிசை வரிசையாக மூடிக் கட்டியிருந்தார்கள். முதல் நாள் மழை; பழம் ஈரம். அதனால் அன்று கொய்யவில்லை. கொடிகளுக்கிடையே ஆள் ஒருவரும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு தமிழ் மனிதரைக் கண்டதாக நான் எழுதினேன். காணவில்லை. அப்படி ஒருவர் அங்கே இருக்கவும் இல்லை. அது பொய்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்... நீங்கள் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கவும் கூடும்.

புவாண்ட்-கிளேரில் ஒரு வெயார்ஹவுஸில் எனக்கு வேலை. அதற்கு மேல், மொன்ட்ரியால் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாதப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அதன் அறிவித்தல் பக்கத்தையும் நான்தான் செய்கிறேன். இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் இருந்தேன். முறையாகக் கற்ற தொழில் அது ஒன்றே.

இலையுதிர்கால இதழுக்கு ஆசிரியர் ஒரு பயணக் கட்டுரை கேட்டார். அறுவடை நாட்களில் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவது பற்றி, ஒரு பக்கம். பாலத்தைக் கடந்து, தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓடி, அமெரிக்க எல்லைக்குக் கிட்டப் போனேன். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் எங்கள் பதினான்கு பேரையும் பன்னிரண்டாம் வரிசை வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். உருக்குத் தொட்டிகளைக் காட்டினாள். மூன்று சின்னக் குவளைகளில் மூன்று வைன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

கண்டது அறுநூறு சொற்களுக்கு வந்தது. பக்கத்துக்கு எண்ணூறு வேண்டும்.

வேறொருவர் என்றால் படத்தைப் பெரிதாக்கியிருப்பார். நான் ஒரு மனிதரைப் போட்டேன்.

ஐம்பதைக் கடந்தவர். இடது புருவத்தைப் பிளக்கும் பழைய தழும்பு. கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டியவர். நாற்பத்து மூன்றாம் வரிசையின் முடிவில் தனியாக நின்று கொய்துகொண்டிருந்தார். கொய்த முதல் குலையைக் கூடையில் போடாமல் கம்பத்தின் உச்சியில் வைத்தார். தமிழில் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு சிரித்துவிட்டு அடுத்த கொடிக்குப் போனார். ஊரை நான் கேட்கவில்லை என்று எழுதி முடித்தேன்.

அங்கே எத்தனை வரிசை உண்டு என்றுகூட எனக்குத் தெரியாது! ஆனால் எண் ஒன்று இருந்தால் வாசகர் நம்புவார். இது தொழிலில் கற்றது.

இதழ் வந்து பத்தாம் நாள் தொலைபேசி அடித்தது. வயதான பெண்குரல். மொன்ட்ரியால்-நோரிலிருந்து புவனேஸ்வரி கதைப்பதாகச் சொன்னார்.

“தம்பி, நீங்கள் தோட்டத்தில கண்ட ஆளின்ர பேரைக் கேட்டனீங்களோ?”

“கேக்கேல்லை அக்கா.”

“தழும்பு இடது புருவத்திலதானே?”

“...ஓம்.”

“அது என்ர தம்பி. யோகன். சின்னனில நான்தான் தள்ளிவிட்டனான், கிணத்துக்கட்டில போய் அடிபட்டவன். அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதோ?”

சண்டை நாட்களில் ஒரு பின்னேரம் சைக்கிளில் போனவன். பத்தொன்பது வயது. திரும்பி வரவில்லை. இவ்வளவையும் அவர் அழாமல் சொன்னார். பிறகு, என்னால் அவரை அங்கே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். மகளுக்குச் சனி ஞாயிறு வேலையாம். அதோடு மகள் நம்பவும் இல்லையாம்.

“‘பேப்பரில வந்தால் எல்லாம் உண்மையோ அம்மா’ எண்டு கேக்கிறாள். நான் சொன்னன், எழுதின ஆள் ஊரில பேப்பரில இருந்த ஆள், சும்மா எழுதமாட்டார் எண்டு.”

‘அக்கா, அது பொய்.’ மூன்று சொற்கள். இருநூறை எழுதியவனுக்கு மூன்று வரவில்லை!

“சனிக்கிழமை எட்டு மணிக்கு வாறன்” என்றேன்.

அக்கா கட்டை உருவம், கறுப்புக் குளிர்ச்சட்டை, மடியில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. அதற்குள் பருத்தித்துறை வடை.

“மொறுமொறெண்டு இருந்தால்தான் தொடுவான். கொஞ்சம் தடிச்சாலும் காகத்துக்குப் போட்டிடுவான், அவ்வளவு கொழுப்பு.”

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துத் தந்தார். அப்போது போட்ட விளம்பரமாம். ‘காணவில்லை’ என்ற தலைப்பு. மங்கிய படம். கீழே ஐந்து வரி.

‘இடது புருவத்தில் பிளவுத் தழும்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டுபவர்.’

விளக்கு பச்சையானது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். நான் வண்டியை எடுக்கவில்லை.

அந்த எழுத்து நடை என்னுடையது. நாளிதழில் நான் சேர்ந்த முதல் வருடம், அறிவித்தல் மேசையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முகங்களை மறந்துவிட்டேன். சொற்கள் எங்கோ தங்கியிருந்திருக்கின்றன... இருநூறு சொற்கள் குறைந்த அன்று அவை எழுந்து வந்து வரிசையில் நின்றன. நானோ அவற்றைக் கற்பனை என்று நினைத்தேன்!

“இது ஆர் எழுதினது அக்கா?”

“ஆரெண்டு தெரியாது. மேசையில ஒரு மெல்லிசுப் பெடியன் இருந்தவன். நான் வலது எண்டு சொல்லிப்போட்டுப் பேந்து இடது எண்டன். முகம் சுளிக்காமல் வெட்டி எழுதினவன். நல்ல பெடியன்.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பாலம் முடியும் வரை நினைத்தேன்.

தோட்டத்தில் இறங்கினபோது ஒரு வெடி. அக்காவும் நானும் ஒரே கணத்தில் காரின் பக்கமாகக் குனிந்துவிட்டோம். சுற்றுலாவுக்கு வந்த மற்றவர்கள் நின்றபடியே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பறவைகளை விரட்ட வைத்திருக்கும் குழாய் அது; நான் முதலில் வந்த அன்று அது வெடிக்கவில்லை. எரிவாயுவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வெடிக்கும். இடையிடையே கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து கிரீச்சென்று ஒரு குரல். பிடிபட்ட பறவை ஒன்றின் அலறலைப் பதிவுசெய்து, மற்றப் பறவைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

“குருவிக்கும் இங்க ஷெல்லோ!” என்று அக்கா சட்டையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

அதே தொப்பிப் பெண் வந்தாள். நாற்பத்து மூன்றாம் வரிசை எது என்று கேட்கச் சொன்னார் அக்கா. பிரெஞ்சில் கேட்டேன். பள்ளத்தின் கடைக்கோடியைக் காட்டினாள். “அதுதான் கடைசி. நாற்பத்து மூன்றோடு தோட்டம் முடிகிறது.”

என் கைகள் குளிர்ந்தன. அக்டோபர் காற்றும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

புருவம், கடிகாரம், வயது... ஒவ்வொன்றாக அக்கா சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். இல்லை என்றாள். கொய்பவர்கள் பன்னிரண்டு பேர், குவாத்தமாலாக்காரர், ஐந்து வருடமாக அதே ஆட்கள். வேறு ஒருவரும் இங்கே வேலை செய்ததே இல்லை என்றாள்.

“என்ன சொல்லுறாள் தம்பி?”

“இருந்தவராம் அக்கா. போன கிழமைதான் போனவராம்.”

இரக்கத்தால் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது இரக்கம் அல்ல. எழுதியது பொய் என்று அந்த முகத்துக்கு முன்னால் தெரியவருவதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அக்கா சிரித்தார்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“எப்பவும் இப்பிடித்தான். ஒரு இடத்தில குந்தமாட்டான்.”

வடைப் பெட்டியை அந்தப் பெண்ணின் கையில் வைத்து, “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொன்னார். தன் தொலைபேசி எண்ணை மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தார். வேலையாட்களுக்கு என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பகலில் இரண்டு மொழியிலும் பொய் சொன்னவன் நான்.

ஒரு வருடம். மாதத்துக்கு ஒருமுறை அக்கா கூப்பிடுவார். குளிருக்கு அவன் என்ன செய்கிறானோ என்பார். தனக்கு ஏன் இன்னும் அழைப்பு எடுக்கவில்லை என்பதற்கு அவரே காரணமும் சொல்வார். “பயம். பழைய ஆக்கள் எல்லாரிலயும் அவனுக்குப் பயம் இருக்கும்.” நான் ஓம் ஓம் என்பேன்.

செப்டம்பர் கடைசியில் திரும்பவும் போனோம். இந்த முறை எங்களை எதிர்கொண்டவர் தோட்டத்தின் முதலாளி. அறுபது வயது, பெரிய கைகள். தொப்பிப் பெண் சொல்லியிருக்கவேண்டும், அக்காவைக் கண்டதும் உள்ளே போய்த் தகரப்பெட்டியை எடுத்துவந்தார். காலி. கழுவித் துடைத்திருந்தது. பன்னிரண்டு பேர் வடையைத் தின்றுவிட்டுப் பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவுதான். அக்கா மூடியைத் திறந்து உள்ளே குனிந்து நெடுநேரம் மணந்து பார்த்தார்.

அப்போதுதான் கம்பங்களைக் கண்டேன்.

ஒவ்வொரு வரிசையின் முனையிலும் மரக்கம்பம், வலைக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நிற்கும். கம்பத்தின் உச்சியில் ஒரு குலை. அடுத்ததிலும் ஒரு குலை. அதற்கடுத்ததிலும். பத்தொன்பது வரை எண்ணினேன். கறுத்த பழம், தண்டு புதிதாக வெட்டியது. ஒன்றையும் பறவை கொத்தியிருக்கவில்லை.

தழும்பும் கடிகாரமும் விளம்பரத்திலிருந்து வந்தவை. அந்தக் குலை வேறெங்கிருந்தும் வரவில்லை. கட்டுரைக்கு முடிவு வேண்டுமென்று ரொக்ஸ்பரோவில் என் சமையலறை மேசையில் இருந்து நான் யோசித்து எழுதியது அது!

யார் இப்படி வைக்கிறார் என்று முதலாளியிடம் மெல்லக் கேட்டேன்.

“அந்த அமைதியான ஆள். போன வருடம் அறுவடை முடியும் நேரத்தில் வந்தார். சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. கடைசி வரிசையில் தனியாகத்தான் கொய்வார்.”

“எந்த ஊர்?”

“கேட்கவில்லை” என்றார். “அதோ நிற்கிறாரே.”

பள்ளத்தில், தூக்கிவிட்ட வலைக்குப் பின்னால், நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு. கை ஒன்று எழும்பியது, இறங்கியது. இடையில் நூற்றைம்பது அடி இருக்கும். மற்றவர்கள் மேட்டில் நின்று கொய்துகொண்டிருந்தார்கள்.

வெடி வெடித்தது. அக்கா பெட்டியை மார்போடு அணைத்துக் குனிந்தார். நானும் பாதி குனிந்துவிட்டேன். மேட்டில் நின்றவர்களின் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர்களுக்கு அது பழகிய சத்தம்.

நீலச் சட்டை நிலத்தோடு படுத்திருந்தது.

பிறகு மெல்ல எழுந்தது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பறவை கத்தியது.

அக்கா இதைக் காணவில்லை. நிமிர்ந்து, என் முகத்தைத்தான் பார்த்தார்.

“என்ன சொல்லுறார் தம்பி?”

நான் அவருக்குச் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

“இந்த வருசம் வரேல்லையாம் அக்கா.”

ஏன்? எத்தனை தரம் கேட்டுவிட்டேன்... அந்த முகம் திரும்பி, அது ஒரு குவாத்தமாலாக்காரனுடையதாக இருந்தால், அக்கா எல்லாவற்றையும் இழப்பார். என் பொய்யும் வெளியே வரும். இதைத்தான் காரணம் என்று பல நாள் வைத்திருந்தேன். உண்மை அது அல்ல. அந்த முகம் திரும்பி, இடது புருவத்தில் தழும்பு இருந்தால்? அதற்குத்தான் பயந்தேன். நான் எழுதியதால் வந்து நிற்கும் ஒருவனின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நூற்றைம்பது அடி! கட்டைக் கால்களோடு அக்கா அதை நடந்திருப்பார். நான் நடக்கவிடவில்லை.

அக்கா தலையை ஆட்டினார். இந்த முறை கொண்டுவந்த வடையைப் பழைய பெட்டிக்குள் கொட்டி முதலாளியிடம் கொடுத்தார். வைன் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். “எனக்கு உது வேண்டாம். தம்பிக்கும் குடுக்காதேங்கோ, கார் ஓடவேணும்” என்றார் தமிழிலேயே. காரில் திரும்பினோம். பாலத்தில் சொன்னார்:

“அடுத்த வருசம் வருவான்.”

பெப்ரவரியில் அக்கா இறந்தார். நித்திரையில் போனவர். மகள் நிரோஜா அறிவித்தல் போடுவதற்காக என்னைக் கூப்பிட்டாள். பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். தாய், தகப்பன், கணவன். எல்லோர் பெயருக்கு முன்னாலும் ‘காலஞ்சென்ற’.

“அங்கிள், யோகன் மாமாவின்ர பேருக்கு முன்னால அது போட வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. கனடா எண்டு போடச் சொன்னவ.”

எழுதுவதை நிறுத்தினேன்.

“நான் இதை நம்பினதில்லை” என்றாள். “நீங்கள் உண்மையா மாமாவைக் கண்டனீங்களோ?”

 அவளுக்குப் பின்னால் ஆட்கள் கதைப்பதும் பாத்திரங்கள் படுவதும் கேட்டன.

“ஓம்” என்றேன்.

நீலச் சட்டையை நினைத்துச் சொன்னேனா, கட்டுரையை நினைத்துச் சொன்னேனா? என்னால் பிரித்தறிய முடியவில்லை. அந்தத் தோட்டத்துக்குப் பிறகு நான் போகவில்லை. வழி தெரியும். இந்தச் செப்டம்பரிலும் கார் இருந்தது, சனிக்கிழமைகளும் இருந்தன.

அறிவித்தலை நானே அச்சுக்கோத்து, நானே பிழை திருத்தினேன். எட்டாம் பக்கம், இரண்டு பத்தி அகலம். நான்காவது வரி: ‘யோகநாதன் (கனடா) அவர்களின் பாசமிகு சகோதரியும்.’